பப் மூலையில் நிற்கும் க்விஸ் மெஷின்: காசு போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஆட்களோடு பப்புக்குப் போனவர்கள் (குடித்தே ஆக வேண்டும் என்றில்லை, ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்) அங்கே ஒரு மூலையில், பெரும்பாலும் டாய்லெட்டுக்குப் போகிற வழியில், விளக்குகள் மின்னிக்கொண்டு ஒன்றிரண்டு பெட்டிகள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். செர்ரிப்பழமும் மணியும் உருளும் பெட்டிக்கு ஃப்ரூட் மெஷின் என்று பெயர். அது சூதாட்டம், அதில் சந்தேகமே இல்லை. அதன் பக்கத்தில் சில பப்புகளில் இன்னொரு பெட்டி இருக்கும். அதில் பழம் எதுவும் உருளாது, திரையில் கேள்வி வரும், கீழே மூன்று நான்கு விடைகள் வரும், சரியானதைத் தொட்டால் அடுத்த கேள்விக்குப் போகலாம், தொடர்ந்து சரியாகச் சொன்னால் கீழே இருக்கும் தட்டில் நிஜமான காசு விழும். இதுதான் க்விஸ் மெஷின். 1980களின் நடுவில் பிரிட்டிஷ் பப்புகளில் பரவ ஆரம்பித்து, 90களிலும் 2000களிலும் கொடிகட்டிப் பறந்தது, இப்போது குறைந்துவிட்டது.

இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். இந்தப் பெட்டியில் கேள்வி கேட்பது மேல்பூச்சுதான், உள்ளே நடப்பது கணக்கு. அந்தக் கணக்கு புரிந்தால் எப்போது ஐம்பது பென்ஸ் (அரை பவுண்டு) போடலாம், எப்போது சும்மா வேடிக்கை பார்க்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் ஆட்டம் எப்படிப் போகும் என்று பார்ப்போம். பழைய மெஷின்களில் ஒரே ஒரு விளையாட்டு, திரைக்குக் கீழே விடைக்கு ஒன்றாகச் சில பொத்தான்கள், அவ்வளவுதான். பிறகு வந்த இட்பாக்ஸ், கேம்ஸ்நெட் மாதிரியான மெஷின்களில் டச் ஸ்க்ரீன், அதில் விளையாட்டுகளின் மெனு. அதில் மோனோபோலி இருக்கும், க்ளூடோ (கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் பலகை விளையாட்டு) இருக்கும், எழுத்துகளைச் சேர்த்து வார்த்தை கண்டுபிடிக்கிற விளையாட்டு இருக்கும். 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' கட்டாயம் இருக்கும், 1998இல் இங்கிலாந்தின் ஐடிவி சேனலில் தொடங்கிய அதே நிகழ்ச்சிதான், நம் ஊரில் 2012இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' அதன் தமிழ் வடிவம். அதைப் பார்த்தவர்களுக்கு மெஷினில் விளையாடத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, இரண்டு தவறான விடைகளை நீக்கும் ஐம்பதுக்கு ஐம்பது உட்பட எல்லாம் பழகியதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. டிவியில் போட்டியாளர் ஐந்து நிமிடம் தாடையைத் தடவிக்கொண்டு யோசிக்கலாம், நடத்துபவரும் விளம்பர இடைவேளை வரை இழுப்பார். மெஷினில் கேள்வி வந்ததும் ஒரு பட்டை சுருங்க ஆரம்பிக்கும், சில நொடிகளில் தீர்ந்துவிடும். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளவும் அதற்குள்தான் நேரம்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். "எட்டாம் ஹென்றியின் மனைவிகளில் அவர் இறந்த பிறகும் உயிரோடு இருந்தவர் யார்?" என்று கேட்டு, கேத்தரின் பார், ஜேன் சீமோர், ஆன் போலின், கேத்தரின் ஹோவர்ட் என்று நான்கு பெயர் கொடுத்தால் விடை கேத்தரின் பார். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் இதை ஒரு நொடியில் தொட்டுவிடுவார்கள், ஏனென்றால் ஆறு மனைவிகளுக்கும் என்ன ஆனது என்று வரிசையாகப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் திருமணம் ரத்துசெய்யப்பட்ட ஆன் ஆஃப் கிளீவ்ஸும் ஹென்றிக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்தான், கேத்தரின் பார் 1548இல் இறந்துவிட்டார், ஆன் ஆஃப் கிளீவ்ஸோ 1557 வரை இருந்தார். எனவே "கடைசியாக இறந்த மனைவி யார்" என்று கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பாதிப்பேர் கவிழ்வார்கள். நல்ல க்விஸ் மெஷின் கேள்வி இப்படித்தான் இருக்கும், தெரியும் என்று கை வேகமாகப் போகிற இடத்தில் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கும்.

சரி, பிரிட்டிஷ் சட்டப்படி இந்த க்விஸ் மெஷின் சூதாட்டம் இல்லை. ஏன்? காசு போடுகிறோம், போனாலும் போகும், வந்தாலும் வரும். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் பார்ப்பது ஒரே விஷயம்தான், ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறதா இல்லையா என்பது. திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்த ஆட்டமும் அந்தச் சட்டப்படி அதிர்ஷ்ட ஆட்டம்தான். அபார திறமை இருந்தால் அதிர்ஷ்டத்தை வென்றுவிடலாம் என்றாலும் கூட அது அதிர்ஷ்ட ஆட்டமே என்று சட்டமே சொல்லிவிடுகிறது. ஆக, பரிசு தரும் மெஷின் சூதாட்டச் சட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டுமென்றால் முழுக்க முழுக்கத் திறமையால் ஜெயிக்கிற ஆட்டமாக இருக்க வேண்டும்.

நமக்குப் பழக்கமான இந்தியச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு கறார் என்று தெரியும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் கேட்டது, எது தூக்கலாக இருக்கிறது, திறமையா அதிர்ஷ்டமா என்று. 1968இல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று சொன்னது, 1996இல் சென்னை ரேஸ் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று தீர்ப்பு வந்தது. இதே ரம்மியை லண்டனுக்குக் கொண்டுபோனால் சீட்டு கலைத்துப் போடுவதிலேயே அதிர்ஷ்டம் வந்துவிட்டது, அதனால் காசு வைத்து ஆடினால் அங்கே அது சூதாட்டம். ரம்மியே தேறாத பரீட்சையில் க்விஸ் மெஷின் தேறுகிறது என்றால், பதில் தெரிந்தவன் ஜெயிப்பான், தெரியாதவன் தோற்பான், நடுவில் பகடையோ சீட்டோ இல்லை என்ற ஒரே காரணத்தால்தான். நகம் வைத்துப் பொம்மை தூக்கும் கிரேன் மெஷினை நாம் விளையாட்டுச் சாமான் என்று நினைப்போம். அதன் பிடியின் இறுக்கத்தை உள்ளே இருக்கும் இயந்திரம் தீர்மானித்தால் அது பிரிட்டனில் சூதாட்ட மெஷின் கணக்கில் வந்துவிடும்.

இதில் பப் முதலாளிக்கு என்ன லாபம்? ஃப்ரூட் மெஷின் என்றால் விதிகள் நிறைய. பப்பில் இருப்பது சட்டப்படி சி வகை மெஷின், ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் ஒரு பவுண்டு, பரிசு அதிகபட்சம் 100 பவுண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் தொடக்கூடாது, மது உரிமம் உள்ள பப் உள்ளாட்சிக்குத் தெரிவித்துவிட்டு இரண்டு மெஷின் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி அனுமதி. 2013 பிப்ரவரியிலிருந்து வரும்படியில் 20 சதவீதம் மெஷின் வரி வேறு. உண்மையான திறமை மெஷினுக்கு அந்த வரியும் இல்லை, அந்த இரண்டு என்ற எண்ணிக்கையிலும் அது சேராது. ஆனால் வாட் வரி உண்டு. தொழிலில் உள்ளவர்கள் இந்தப் பெட்டிகளை எஸ்.டபிள்யூ.பி. என்பார்கள், திறமைக்குப் பரிசு தருபவை என்ற பொருளில்.

இப்போது கணக்குக்கு வருவோம், எனக்கு இந்தப் பெட்டியில் பிடித்ததே இதுதான். புரிவதற்காக ஒரு எளிய ஆட்டத்தை நானே வைத்துக்கொள்கிறேன்: ஒரு ஆட்டம் ஐம்பது பென்ஸ், தொடர்ந்து பத்துக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் ஐந்து பவுண்டு, நடுவில் ஒன்று தப்பினால் பூஜ்யம். நீங்கள் பத்தில் ஒன்பது கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் என்றால் பத்தையும் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு? பலபேர் தொண்ணூறு சதவீதம் என்று நினைப்பார்கள். 0.9ஐப் பத்து தடவை பெருக்கிப் பாருங்கள், 35 சதவீதம்தான் வரும். எண்பது சதவீதம் தெரிந்த ஆளுக்கு அது பதினொன்றுக்கும் கீழே இறங்கிவிடும். எழுபது சதவீதம் தெரிந்தவருக்கு மூன்றைக்கூடத் தொடாது. எழுபது சதவீதம் என்பது பரீட்சையில் நல்ல மார்க், இங்கே அது முப்பத்தைந்து ஆட்டத்துக்கு ஒரு தடவை ஜெயிக்கிற மார்க்.

இதையே காசாக்கினால் இன்னும் சுவாரசியம். தொண்ணூறு சதவீத ஆள் ஐம்பது பென்ஸ் போட்டால் சராசரியாக ஒரு பவுண்டு எழுபத்து நான்கு பென்ஸ் திரும்ப எடுப்பார், அதாவது மெஷினைக் கொள்ளையடிக்கிறார். எண்பது சதவீத ஆள் ஐம்பத்து நான்கு பென்ஸ் எடுப்பார், போட்டதற்கும் எடுத்ததற்கும் சரியாகப் போய்விடும். எழுபது சதவீத ஆளுக்குக் கிடைப்பது பதினான்கு பென்ஸ். அறிவில் இருபது சதவீதம் வித்தியாசம், வருமானத்தில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். பப்பில் நாலு கிளாஸ் உள்ளே போன பிறகு தன்னைத் தொண்ணூறு என்று நம்புகிற எழுபதுகள்தான் அதிகம், மெஷின் வைத்தவருடைய பிழைப்பு அவர்களால்தான் ஓடுகிறது. குருட்டாம்போக்கில் தொட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: நான்கு விடையில் ஒன்று என்று பத்துக் கேள்வி தாண்ட, பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அதாவது அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பி இதில் காசு எடுக்க முடியாது.

ஆனால் மெஷின் கம்பெனிக்காரர்கள் தொண்ணூறு சதவீத ஆளைச் சும்மா விட்டுவிடுவார்களா? ஒரே ஊரில் அப்படி நாலு பேர் இருந்தால் பெட்டி காலியாகிவிடும். அதனால் கேள்விகள் போகப்போகக் கடினமாகிக்கொண்டே போகும். முதல் சில கேள்விகள் குழந்தைகூடச் சொல்லும், அதற்குக் காசு கிடையாது அல்லது போட்ட காசு மட்டும் திரும்பும், காசு உருப்படியாக ஏறுகிற இடத்தில் 1950களின் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் பெயரைக் கேட்பார்கள். அப்புறம், பல மெஷின்கள் உள்ளே போன காசு எவ்வளவு, வெளியே கொடுத்தது எவ்வளவு என்று கணக்கு வைத்திருக்கும், சமீபத்தில் நிறையக் கொடுத்திருந்தால் பரிசுக்கு வேண்டிய இலக்கை ஏற்றும், கொஞ்ச நாளாக வாங்கி மட்டும் வைத்திருந்தால் இறக்கும். நேற்று யாரோ கில்லாடி வந்து அள்ளிக்கொண்டு போன மெஷினில் இன்று நீங்கள் உட்கார்ந்தால், அவர் ஜெயித்ததற்கு நீங்கள் பரீட்சை எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். கோயில் உண்டியல் மாதிரிதான் இதுவும், முன்னால் வந்தவர்கள் போட்டது இருந்தால்தான் எடுப்பதற்கு ஏதாவது இருக்கும். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வந்ததும் காசு போடுவதில்லை, ஒரு கிளாஸோடு கொஞ்ச நேரம் நின்று, யாராவது தொடர்ந்து தோற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் போவார்கள்.

இதையே தொழிலாகச் செய்தவர்களும் இருந்தார்கள். முதல் தலைமுறை மெஷின்களில் கேள்விகள் ஒரு சிப்பில் எழுதி வைத்தவை, ஒரு எண்ணிக்கைக்கு மேல் கிடையாது, திரும்பத் திரும்ப வரும். ஒரே மெஷினின் முன்னால் நாள்கணக்கில் நின்றால் கேள்வி முழுதாக வருவதற்கு முன்பே விடை எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படி மனப்பாடம் செய்துகொண்டு ரயிலேறி ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ஊரிலும் அதே மாடல் மெஷின் இருக்கும் பப்பைத் தேடிக் காலிசெய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போன ஆட்கள் உண்டு, அவர்களைக் கண்டால் பப் முதலாளிக்கு ஆகாது, வெளியே போகச் சொல்வதும் நடக்கும். தப்பு ஒன்றும் செய்யவில்லை பாவம், பதில் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். பிறகு மெஷின்களை நெட்வொர்க்கில் இணைத்து, கேள்விகளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க ஆரம்பித்தார்கள். மனப்பாடத்தின் மவுசு அதோடு குறைந்தது.

நம் ஆட்களுக்கு எது வரும், எது வராது? தலைநகரங்கள், நாடுகளின் கொடிகள், அறிவியல், கிரிக்கெட், இதெல்லாம் வந்தால் நீங்கள் ராஜா. பள்ளியில் க்விஸ் போட்டிக்குப் போனவர்கள் வேதியியல் குறியீட்டுக் கேள்வியில் அங்கே பிறந்தவர்களையே அசத்தலாம். மாட்டிக்கொள்வது டிவி சீரியலில். பிரிட்டிஷ் சீரியல்கள் முப்பது நாற்பது வருடத்துக்கு மேலாக ஓடுபவை, அதில் யார் யாரைக் கல்யாணம் செய்தார், யார் எந்த வருடம் செத்தார் என்று கேட்டால் நமக்கு என்ன தெரியும்? குறைந்தபட்சம் இதையாவது வைத்துக்கொள்ளுங்கள்: ஈஸ்ட்எண்டர்ஸில் வரும் பப் குவீன் விக், கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் ரோவர்ஸ் ரிட்டர்ன், எமர்டேலில் உல்பேக். பப்பில் இருக்கும் மெஷினுக்குப் பப்பைப் பற்றிக் கேட்பதில் ஒரு தனி ஆசை. அப்புறம் எஃப்ஏ கோப்பை ஃபுட்பால் இறுதிப் போட்டிகள், ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர்களின் வரிசை, கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடம் பிடித்த பாட்டுகள். இவை வராத மெஷினை நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் ஒரே மருந்து கூட்டணி. தனியாக ஆடினால் எழுபது சதவீதம் இருக்கும் நீங்கள், ஃபுட்பால் பைத்தியம் ஒருவர், சீரியல் பார்க்கும் ஒருவர், பழைய பாட்டுக் கேட்கும் கொஞ்சம் வயதான ஒருவர் என்று நாலு பேர் சேர்ந்து நின்றால் எண்பத்தைந்து தொண்ணூறை எட்டலாம். மேலே சொன்ன கணக்கில் அது எவ்வளவு பெரிய தாவல் என்று பார்த்தீர்கள். இதில் ஒரு ஒழுங்கு வேண்டும், திரையைத் தொடுகிற ஆள் ஒருவர்தான், மற்றவர்கள் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், இரண்டு பேர் இரண்டு விடை சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பட்டை சுருங்கும் அந்தச் சில நொடியில் நாலு கை ஒன்றாகத் திரைக்குப் போகும், அதில் ஒன்று தப்பான விடையில் படும், அப்புறம் அரை மணி நேரம் அது யார் கை என்று சண்டை. முன்பின் தெரியாத ஒருவர் பின்னால் நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து விடை சொல்வதும் நடக்கும். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பப்பில் அது வழக்கம். ஜெயித்தால் ஒரு டிரிங்க் வாங்கிக் கொடுப்பது மரியாதை.

இன்னொன்று, எப்போது நிறுத்துவது. பல ஆட்டங்களில் ஒரு கட்டத்தில் 'கலெக்ட்' என்று பொத்தான் வரும், அதுவரை ஜெயித்ததை எடுத்துக்கொண்டு கிளம்பலாம், அல்லது அதை வைத்து மேலே போகலாம். கையில் இரண்டு பவுண்டு, அடுத்த கேள்வி சரியானால் மூன்று, தப்பினால் பூஜ்யம் என்றால், அடுத்த கேள்வியில் நீங்கள் சரியாகச் சொல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டுக்கு மேல் இருந்தால்தான் போக வேண்டும். கேள்வியைக் காட்டிய பிறகு எடுத்துக்கொள்ள விடும் ஆட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தெரிந்தால் போங்கள், தெரியாவிட்டால் எடுங்கள். காட்டாமலே முடிவெடுக்கச் சொன்னால், மேலே போகப்போகக் கேள்வி கடினமாகும் என்பதை மறக்காமல் எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. என்னோடு வருகிற நண்பர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார், கடைசிப் படி வரை போகாமல் காசு எடுப்பது கேவலம் என்பார், இதுவரை அவர் காசு எடுத்து நான் பார்த்ததும் இல்லை.

மெஷின்கள் ஏன் குறைந்தன என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது, சிகரெட்டும் கையுமாக மெஷின் முன்னால் நின்றவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள். அதே காலத்தில் எல்லோர் பையிலும் ஸ்மார்ட்போன் வந்தது, காசு போடாமலே க்விஸ் ஆடலாம். நிறையப் பப்புகள் மூடியும்விட்டன, மூடாதவை மூலையில் மெஷினை எடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசை போட்டால் கூடுதலாக வருகிறது என்று கண்டுகொண்டன. 2017இல் பன்னிரண்டு பக்க ஒரு பவுண்டு நாணயம் வந்தபோது பழைய மெஷின்களின் காசு வாங்கும் பகுதியை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது கையில் சில்லறை வைத்திருப்பவர்களே அரிது.

இருக்கிற மெஷினில் ஆடிப் பார்க்க ஆசை என்றால் ரயில் நிலையம் பக்கத்துப் பப்புகள், மாணவர்கள் கூடும் பப்புகள் இவற்றில் தேடிப் பாருங்கள். கவுண்டரில் பத்துப் பவுண்டு நோட்டைக் கொடுத்துச் சில்லறை கேட்டால் கொடுப்பார்கள், அதில் இரண்டு பவுண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை உள்பைக்குள் போட்டுவிடுங்கள். முதல் ஒரு பவுண்டில் எந்தெந்தத் தலைப்பில் கேள்வி வருகிறது, காசு எந்தப் படியிலிருந்து ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது பவுண்டை ஃபுட்பால் தெரிந்த ஆள் வந்து சேர்ந்த பிறகு போடலாம்.